நடுவுநிலை ஓர் அமானிதம்

செஞ்சிக்கு வடக்கே, மேல்மலையனூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு வரலாறு கண்ணெதிரே நிற்கும் பொருளாகும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் கோட்டை மதில். கோட்டையினுள் வேங்கடரமணர் ஆலயமும் நவாப் சஆதத்துல்லாகான் 1717-18இல் எழுப்பிய பள்ளிவாசலும். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சமணத் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் சிற்பங்கள். மேல்மலையனூரில் அங்காளம்மன் கோயில். இவையனைத்தும் ஒருநாட் பயணத்தில் கண்டு திரும்பக்கூடிய தொலைவில் உள்ளன. இவற்றைக் கண்டு வந்த மாணவன் ஒருவன், "இந்தக் கோட்டை யாருடையது?" என்று கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

வினா சிறிது. விடையோ நம் நேர்மையைச் சோதிப்பது. ஏனெனில் இன்றைய பிள்ளைகள் இத்தகைய வினாக்களுக்கு விடை தேடும் இடம் பெரும்பாலும் பலர் கூடி எழுதும் நோக்கு நூல்களே. கலைக்களஞ்சியம், வரலாற்று அகராதி, ஊர் வரலாற்றுத் தொகுப்பு எனப் பல பெயர்களில் வரும் இந்நூல்களில் ஒருவர் எழுதுவதை மற்றவர் திருத்துவார். ஒரு சமயத்தார் எழுதுவதைப் பிற சமயத்தாரும் படிப்பர். அங்கே நடுவுநிலை பிறழ்ந்தால் பிழை ஒரு வீட்டோடு நில்லாது. ஊர் முழுதும் பரவும். ஆகவே, பலர் கூடி எழுதும் நூலில் நடுவுநிலை என்பது யாது, அதனை எவ்வாறு காப்பது என்பதனை நம் ஊர்ச் செய்திகளையும் நம் முன்னோர் நூல்களையும் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஒரு கோட்டை, பல பெயர்கள்

செஞ்சிக் கோட்டையின் தொடக்கத்தைக் கோனார் குலத் தலைவர்களோடு இணைத்துக் கூறுவது பழைய வழக்கு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' இவ்வழக்கைப் பதிவு செய்துள்ளது. பின்னர் விஜயநகரப் பேரரசின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள் கோட்டையைப் பெரிதும் விரிவாக்கினர். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை இதனைக் கைக்கொண்டது. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். 1690இல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698இல் சுல்பிகார்கானின் வெற்றியில் முடிந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் 1780இல் ஹைதர் அலியின் படையினரும் இங்கே கொடியேற்றினர்.

வந்தவர் ஒவ்வொருவரும் தத்தம் வழக்கில் இதற்குப் பெயர் வைத்தனர். பீஜப்பூரார்க்கு இது பாதுஷாபாத், மராட்டியர்க்குச் சந்தி, சுல்பிகார்கானின் 'நுஸ்ரத் ஜங்' என்னும் விருதுப் பெயரை நினைவூட்டும் வகையில் மொகலாயர்க்கு நுஸ்ரத்கட், ஐரோப்பியர்க்கு ஜிஞ்ஜி. தமிழர்க்கு அன்றும் இன்றும் செஞ்சி.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் 'இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்னும் தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. ஊருக்குக் கிடைத்த பெருமையை நாம் மகிழ்வோடு ஏற்கிறோம். மராட்டியர் இக்கோட்டையை 21 ஆண்டுகள் வைத்திருந்ததும், அவர்களுடைய அரசர் ராஜாராம் இங்கிருந்தே மொகலாயரை எதிர்த்ததும் மறுக்கவொண்ணா உண்மைகள். எனினும் தலைப்பை மட்டும் படிக்கும் ஒருவர் இக்கோட்டை மராட்டியர் கட்டியது என்று எண்ணிவிடக் கூடும். தலைப்பிலுள்ள ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருந்தும், படிப்பவர் மனத்தில் பொய் பதியலாம். நடுவுநிலை பிறழ்வது பெரும்பாலும் இவ்வழியில்தான். அப்பட்டமான பொய்யை எளிதில் கண்டு நீக்கிவிடலாம். பாதி உண்மை முழு உண்மையின் இருக்கையில் அமர்ந்துவிட்டால் அதனை எழுப்புவது கடினம்.

இதே குற்றத்தை நாமும் செய்தல் கூடும். பள்ளிவாசலையும் பீஜப்பூர் ஆட்சியையும் மட்டும் விரித்தெழுதி, நாயக்கர் பணியை ஒரே வரியில் முடித்துவிட்டால் அதுவும் பிறழ்ச்சியே. ஒவ்வொருவர்க்கும் அவரவர் செய்த பணியின் அளவுக்கு இடம் தருவதே முறை. அதற்காக எல்லார்க்கும் ஒரே அளவு வரி ஒதுக்க வேண்டும் என்பதும் இல்லை. கட்டியவர்க்குரிய இடம் வேறு. சில காலம் தங்கிச் சென்றவர்க்குரிய இடம் வேறு.

தேசிங்கு ராஜன் கதை

செஞ்சி என்றதும் தமிழ் மக்கள் நாவில் வரும் பெயர் ராஜா தேசிங்கு. அவருடைய இயற்பெயர் தேஜ்சிங். அவருடைய தந்தை சொரூப்சிங் புந்தேல ராஜபுத்திரர். ஔரங்கசீப்பால் செஞ்சிக்கு நியமிக்கப்பெற்றவர். 1714இல் தந்தை இறந்தபின் மகன் கோட்டையின் உரிமையை ஏற்றார். ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாகான் வரி நிலுவையைக் கேட்டார். புதிய பாதுஷாவின் ஆணை இன்றி உரிமை செல்லாது என்பது நவாபின் வாதம். தந்தைக்கு அளிக்கப்பட்ட ஆணையே போதும் என்பது தேசிங்கின் வாதம். அவ்வாண்டு அக்டோபரில் நிகழ்ந்த போரில் இளைஞரான தேசிங்கு வீழ்ந்தார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும் குரல்கள் இரண்டு. ஒன்று தெருக்களிலும் திண்ணைகளிலும் பாடப்பெற்ற தேசிங்குராஜன் கதைப்பாடல். அது தேசிங்கை மாவீரனாகப் போற்றுகிறது. அவருடைய உயிர்த் தோழர் ஒரு முஸ்லிம் வீரர், மகபத்கான். தம் திருமணத்தையும் விட்டுவிட்டுப் போர்க்களம் வந்து, நண்பனுக்காக அவர் உயிர் துறந்ததைக் கேட்டுக் கண்ணீர் வடிக்காத தமிழர் இல்லை. அவர் பெயரால் அழைக்கப்பெறும் பள்ளிவாசல் ஒன்றும் செஞ்சியில் உண்டு. மற்றொரு குரல் 'சஈத் நாமா' என்னும் பாரசீக நூல். அது நவாபின் புகழ் பாடுவது. தேசிங்கை அடங்க மறுத்த கிளர்ச்சியாளராகக் காட்டுவது. அதை எழுதியவர் நவாபின் அலுவலில் இருந்த ஜஸ்வந்த்ராய் என்னும் இந்து.

இந்துவுக்காக உயிர் கொடுத்தவர் முஸ்லிம். முஸ்லிமின் வெற்றியைப் புகழ்ந்து எழுதியவர் இந்து. இதனை இரு சமயங்களின் போராக எழுதுவோர் எக்குரலுக்கும் செவி கொடாதவரே. ஆயினும், "இது வெறும் வரித் தகராறு" என்று சில சொற்களில் முடித்து, ஒரு மக்கள் கூட்டம் முந்நூறு ஆண்டுகளாகப் போற்றிவரும் நினைவைத் துடைத்தெறிவதும் நேர்மையன்று. கதைப்பாடல் இவ்வாறு கூறுகிறது, பாரசீக நூல் இவ்வாறு கூறுகிறது, இரண்டும் ஒத்துப்போகும் இடங்கள் இவை, மாறுபடும் இடங்கள் இவை என்று எழுதுவதே பொது நூலுக்குரிய நடை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல், நாட்டு வழக்குகளோடு பாரசீக, ஐரோப்பியச் சான்றுகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தமையால்தான் இன்றளவும் எடுத்தாளப்படுகிறது.

இங்கே நமக்கும் ஒரு சோதனை உண்டு. உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவியின் கற்பை வியந்து, அவர் நினைவாக நவாப் இராணிப்பேட்டை என்னும் ஊரை அமைத்தார் என்பது செவிவழிச் செய்தி. முஸ்லிம் ஆட்சியாளரின் பெருந்தன்மையைக் காட்டுவது ஆகையால் அது நமக்கு இனிக்கிறது. இனிக்கும் செய்தியையும் "என்று கூறுவர்" என்னும் சொல்லோடு எழுதுவோமா? அல்லது நிகழ்ந்தது போலவே எழுதிவிடுவோமா? கசக்கும் செய்திக்குச் சான்று கேட்டுவிட்டு, இனிக்கும் செய்தியைச் சான்றின்றி ஏற்பவன் நடுவன் ஆகான். அவன் தன் கட்சிக்கு வாதாடுபவனே.

பிறர் நம்பிக்கையை எழுதுதல்

வரலாற்றைவிடக் கடினமானது பிறர் சமயத்தை எழுதுவது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவுதோறும் ஊஞ்சல் உற்சவம் நிகழ்கிறது. மாசி மாதத்தில் மயானக் கொள்ளை விழா நிகழ்கிறது. பிரமனின் தலையைக் கொய்த சிவனுக்குற்ற துன்பம் இத்தலத்தில் அன்னையால் நீங்கிற்று என்பது அக்கோயிலின் தல வரலாறு. ஏகத்துவத்தில் உறுதி கொண்ட ஒரு முஸ்லிம் இதனைப் பொது நூலில் எழுதலாகுமா? எழுதினால் நம்பியதாகாதா?

இவ்வினாவுக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே அறிஞர் அல்பீரூனி விடை தந்துவிட்டார். 1030ஆம் ஆண்டு வாக்கில் அவர் இந்தியரின் சமயம், தத்துவம், கணிதம், வழக்கங்கள் ஆகியவற்றை அரபியில் எழுதினார். அது வாதப்போர் நூல் அன்று என்றும், இந்துக்கள் கூறுவதை அவர்கள் கூறியவாறே எடுத்துரைப்பதே தம் நோக்கம் என்றும் முன்னுரையில் தெளிவாக அறிவித்தார். அதற்காகச் சமஸ்கிருதம் பயின்றார், பண்டிதர்களிடம் கேட்டறிந்தார். அவருடைய ஈமானுக்கு அதனால் யாதொரு குறையும் நேர்ந்ததில்லை. "இவர்கள் இவ்வாறு நம்புகின்றனர்" என்னும் வாக்கியம் நம்புபவரைப் பற்றிய உண்மை. அதனை எழுதுபவர் தம் நம்பிக்கையை அதில் வைப்பதுமில்லை, இழப்பதுமில்லை.

ஹிஜ்ரி 548இல், அதாவது கி.பி. 1153இல், மறைந்த ஷஹ்ரஸ்தானீ (ரஹ்) அவர்கள் 'அல்மிலல் வந்நிஹல்' என்னும் நூலில் உலகச் சமயங்களையும் பிரிவுகளையும் தொகுத்தார்கள். ஒவ்வொரு பிரிவின் கொள்கையையும் அவரவர் நூல்களிற் கண்டவாறே, சார்பும் பகையும் இன்றி எடுத்துரைப்பதைத் தம்மீது ஒரு நிபந்தனையாகவே விதித்துக்கொண்டார்கள். இவ்வளவு உயர்ந்த நிபந்தனை இருந்தும் குறை வந்தது. இமாம் பக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்கள் அந்நூலைக் குறைகூறினார்கள். இஸ்லாமியப் பிரிவுகளைப் பற்றிய பகுதிக்கு, மாற்றுக் கொள்கையினரிடம் கடும் பகைமை கொண்டிருந்த அப்துல் காஹிர் பக்தாதியின் நூலையே ஆதாரமாகக் கொண்டதால் பிழைகள் நுழைந்தன என்பது ராஸீயின் கருத்து. இதிலிருந்து நாம் பெறும் பாடம் பெரிது. எழுதுபவரின் உள்ளம் தூயதாயினும் அவர் எடுக்கும் நீர் கலங்கியதாயின் குடம் நிரம்புவது கலங்கல் நீரே. ஒரு கூட்டத்தாரைப் பற்றி அவர்தம் எதிரியிடம் மட்டும் கேட்டு எழுதலாகாது.

நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் காரிஜிய்யாக் கொள்கையரான இம்ரான் இப்னு ஹித்தானின் அறிவிப்பையும் தம் நூலில் ஏற்றுள்ளார்கள். கொள்கையில் மாறுபட்டவர் என்பதற்காக ஒருவரின் வாய்மையை மறுப்பதில்லை. நம்மவர் என்பதற்காக ஒருவரின் பிழையை ஏற்பதுமில்லை. இன்னார் கூறினார், அவர்க்கு இன்னார் கூறினார் என்று இஸ்னாதுத் தொடரை வைத்து, அதன் வலிமைக்கேற்பத் தரம் பிரிக்கும் அம்முறையே பலர் கூடி எழுதும் நூலுக்கும் ஏற்ற முறையாகும். ஜஸ்வந்த்ராயையும் கதைப்பாடலையும் நிறுக்க வேண்டிய தராசும் இதுவே.

நபிகளாரின் திருப்பெயர்

நம் குடும்பங்களில் பலரைப் புண்படுத்தும் ஒரு செய்தியை இங்கே மறைக்காமல் பேச வேண்டும். 2001இல் தொடங்கி, தமிழில் 2003 முதல் வளர்ந்துவரும் விக்கிப்பீடியா என்னும் பொதுக் கலைக்களஞ்சியத்தை எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். நடுவுநிலை அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. அதன் ஆங்கிலப் பதிப்பின் நடை விதிகள், நபிகள் நாயகத்தின் (ஸல்) திருப்பெயரை அடுத்து ஸலவாத்து எழுதுவதை ஏற்பதில்லை. நம்மவர் அதனைச் சேர்ப்பதும் பிறர் நீக்குவதும் நிகழ்கின்றன. நம் இளைஞர் சிலர் இதனை அவமதிப்பாகக் கருதி வெகுளுகின்றனர்.

அன்பர்கள் பொறுமையோடு சிந்திக்க வேண்டும். அவ்விதி நமக்கென்று தனியே வகுக்கப்பட்டதன்று. பிற சமயத்தார் தம் இறைவர்க்கும் அடியார்க்கும் சூட்டும் அடைமொழிகளுக்கும் அது பொருந்தும். அங்காளம்மன் பெயருக்கு முன் அடைமொழி எழுத நம்மை எவரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நாம் கருதுவோமாயின், பொது நூலில் நம் வணக்க மொழியைப் பிறர் கையால் எழுதுவிக்க நாமும் விரும்பலாகாது.

நம் மார்க்க நூல்களிலும் இதற்கு ஒளி உண்டு. கி.பி. 1245இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் கலை நூலில் நபிகளாரின் பெயரோடு ஸலவாத்தை எழுதுவதைப் பெரிதும் வலியுறுத்துகிறார்கள். அங்கேயே மற்றொரு செய்தியையும் தருகிறார்கள். இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் கையெழுத்தில் பல இடங்களில் ஸலவாத்து எழுதப்படாமல் உள்ளது. அறிவிப்பாளர் கூறாத சொல்லை அறிவிப்பில் சேர்க்க அவர்கள் அஞ்சினார்கள் போலும் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். நாவினால் அவர்கள் ஸலவாத்து உரைத்து வந்தார்கள் என்றும் கூறப்படுகிறது. அன்பில் இமாமை மிஞ்சியவர் நம்மில் எவர்? எழுத்தில் அமானிதத்தையும் நாவில் அன்பையும் அவர்கள் ஒருங்கே காத்தார்கள். நம் இதழ்களில் நாம் எழுதுவோம், அறிஞர் எம். ஆர். எம். அப்துற் றஹீம் அவர்களின் 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' போன்ற நம் நூல்களில் அது நிலைபெற்றிருக்கும். பொது நூலைப் படிக்கும்போது நம் நாவை எவரும் தடுப்பதில்லை.

பல கைகள் எழுதிய நூல்கள்

அ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்து 1910இல் வெளிக்கொணர்ந்த 'அபிதான சிந்தாமணி' தனி ஒருவரின் பேருழைப்பு. பலர் கூடி எழுதும் பெருமரபைத் தமிழில் நிலைநிறுத்தியது தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சியம்'. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1963 வரை ஒன்பது தொகுதிகளும், 1968இல் இணைப்பாகப் பத்தாம் தொகுதியும் வெளிவந்தன. அதற்கு எழுதியவர்கள் பல துறையினர். அத்தனை கைகளின் எழுத்தும் ஒரே நூலாக நிற்பதற்கு, தனி விருப்பு வெறுப்புகளை வெளியே நிறுத்தும் ஒழுங்கு இன்றியமையாதது.

கருத்து மாறுபாட்டை நாகரிகமாகத் தீர்த்த முயற்சி ஒன்றையும் காண்போம். ஐரோப்பிய அறிஞர்கள் 1913 முதல் 1936 வரை வெளியிட்ட இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தில் முஸ்லிம்கள் ஏற்கவியலாத கருத்துகள் பல இருந்தன. 1933இல் கெய்ரோவில் அதனை அரபியில் பெயர்க்கத் தொடங்கியவர்கள் அப்பகுதிகளை வெட்டி எறியவில்லை. மூலக் கட்டுரையை உள்ளவாறே பெயர்த்து, அதன் அடியில் அஹ்மது முஹம்மது ஷாகிர் போன்ற அறிஞர்களின் மறுப்பையும் விளக்கத்தையும் சேர்த்தனர். படிப்பவர் இரண்டையும் கண்டு தாமே தீர்ப்புக் கூறலாம். அழிப்பதைவிட மறுப்பெழுதுவது கடினம்; அதற்குக் கல்வி வேண்டும்.

நம் கடமை

நடுவுநிலை என்றால் கொள்கையற்ற நிலை என்று சிலர் கருதுகின்றனர். பள்ளிவாசலில் பயான் செய்பவர் தம் கொள்கையை முழங்கலாம். இதழில் கட்டுரை எழுதுபவர் தம் கருத்தை நிலைநாட்டலாம். இக்கட்டுரையும் அவ்வாறே ஒரு கருத்தை வலியுறுத்துவதுதான். பொது நோக்கு நூலோ பலர் நம்மிடம் ஒப்படைத்த பொருள். ஒப்படைக்கப்பட்டதைக் குறையாமலும் கூட்டாமலும் உரியவரிடம் சேர்ப்பதையே அமானிதம் என்கிறோம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்னும் பொருளில் அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் இடும் கட்டளை, பேனா பிடிக்கும் கைக்கும் உரியதே.

பொது நூல்களில் நம்மைப் பற்றித் தவறாக எழுதியுள்ளனர் என்று வருந்தும் குடும்பங்கள் பல. அவ்வருத்தம் பல இடங்களில் நியாயமானதே. ஆனால் வருந்துவோருள் எத்தனை பேர் சான்றோடு எழுதித் தந்துள்ளோம்? செஞ்சிப் பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டைப் படித்துப் பொருள் சொல்ல நம் பிள்ளைகளுள் எத்தனை பேர்க்குத் தெரியும்? நம் ஊர்ப் பள்ளிவாசல், கபரஸ்தான், பழைய வக்பு ஆவணம் ஆகியவற்றை நாம் பதியாவிடில், பிறர் பதிவதே பதிவாகும்.

ஆகவே, எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுத முன்வரட்டும். முன்வரும்போது மூன்றினை நினைவிற் கொள்ளட்டும்: யார் கூறியது என்பதைச் சொல்லுக, பிறரைப் பற்றி அவரிடமே கேட்டறிக, நமக்கு இனிப்பதையும் கசப்பதையும் ஒரே தராசில் நிறுக்க. இவ்வாறு எழுதினால், "இந்தக் கோட்டை யாருடையது?" என்று கேட்கும் மாணவன், ஆண்டவர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் அறிவதோடு, நாயக்கரையும் நவாபையும் தேசிங்கையும் மகபத்கானையும் ஒருங்கே அறிவான். அவன் முஸ்லிம் வீட்டுப் பிள்ளையாயினும், அங்காளம்மன் கோயில் தெருப் பிள்ளையாயினும், அவன் படிக்கும் பக்கம் ஒன்றாகவே இருக்கும்.